மாடியில் ஆளில்லை என்றவர்

என் கழுத்தில் மாலை போட்ட அந்தக் கையை எனக்கு முன்பே தெரியும். வலது கைச் சுண்டுவிரல் பாதியோடு நின்றுவிட்ட கை. எண்பதுகள் முடியும் தறுவாயில், கடல் கடந்து வந்த தமிழர் நெருங்கி வாழும் தேக்காவின் ஒரு குறுக்குத் தெருவில், மாம்பழ மஞ்சளும் பச்சையும் பூசிய மூன்று கடைவீடுகளின் முன்னால், ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டு, வருகிற விருந்தினருக்கெல்லாம் அவர் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தார். பட்டு ஜிப்பா, சரிகை வேட்டி, நெற்றியில் அளவாக ஒரு சந்தனப் பொட்டு. எனக்கு முன்னால் நின்ற ஜெர்மானியத் தம்பதிக்குப் போட்டார். எனக்குப் போட்டார். என் பின்னால் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கும் போட்டார். "வெல்கம், வெல்கம். வணக்கம்மா. டிராவல் எல்லாம் ஓகேவா?" என்றார். அதே ஊரின் மறுகோடியான பூன் லேயிலிருந்து பேருந்தில் வந்திருந்தோம். அம்மா தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டாள். அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக நான் அந்த மனிதரை ஒரு நாள் விடாமல் வெறுத்துவந்திருந்தேன். அவர் என்னை ஒரு நாள்கூட நினைத்திருக்கவில்லை என்பது, அந்த ஈரச் சாமந்தி கழுத்தில் பட்ட கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

அவர் என்று எழுதுகிறேன். பழக்கம்தான், மரியாதை இல்லை. எழுபதுகளில் அந்த மூன்றில் நடுவீடு எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால், அதன் மாடியில் பலகை அடித்துப் பிரித்த ஏழு அறைகளில் மூன்றாவது அறை எங்களுடையது. வீட்டின் சொந்தக்காரரை நாங்கள் பார்த்ததே இல்லை. அவரிடமிருந்து முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, அறை அறையாகத் தடுத்து எங்களுக்கு விட்டவர் இவர். பிள்ளைகள் 'மாமா' என்று கூப்பிட வேண்டும்; அம்மாவைப் போன்றவர்கள் 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும். யாராவது 'சார்' என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "நம்மல்லாம் ஒரே குடும்பம் லா" என்பார். முற்றத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பெட்டி செய்து பூட்டுப் போட்டிருந்த குடும்பம் அது. காலையில் ஒன்றரை மணி நேரம் திறப்பார், மாலையில் ஒரு மணி நேரம். ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். நெற்றிக்கு ஈரத்துணி போட அம்மா செம்போடு கீழே ஓடினாள். "அண்ணே, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது" என்று கேட்டாள். அவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியபடி, கோபமே இல்லாமல், "தங்கச்சி, ஒனக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும். நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார். அம்மா வெறும் செம்போடு படியேறி வந்தாள். முந்தைய நாள் ஆறிப்போயிருந்த கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து என் நெற்றியில் போட்டாள். அந்தப் புளித்த வாடை இன்னும் என் புருவத்தில் இருக்கிறது.

இப்போதெல்லாம் அந்தக் காலத்துக் கடைவீடுகளை நினைத்து ஏங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் அங்கே படுத்தவர்கள் இல்லை. பலகைச் சுவர்கள் கூரை வரை போகாது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றுவிடும். ஒருவர் இருமினால் ஏழு அறைக்கும் தொண்டை கரகரக்கும். ஓர் அறையில் கருவாடு வறுத்தால் ஏழு அறைத் துணியும் நாறும். பகலில் ஓட்டுச்சூடு தலைமேல் ஒரு கையைப் போல அழுத்தும். மழை வந்தால் ஓடு எந்த இடத்தில் ஒழுகும் என்று எங்களுக்கு மனப்பாடம். எனக்கு அந்த வீட்டின்மேல் எந்த ஏக்கமும் கிடையாது. ஆனால் அங்கே நாங்கள் இருந்தோம். எட்டு வருடம் இருந்தோம். எங்கள் பெயரில் அந்த ஊரில் இருந்த ஒரே உண்மை அதுதான். அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

எப்படி எடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி விடுமுறையில், ஒரு மாலை, மாமா மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அபூர்வம். ஏழு குடும்பத்தையும் நடையில் நிற்கவைத்துச் சொன்னார்: "வியாழக்கெழம மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க ஆளுங்க வர்றாங்க. வெஷ மருந்து, வெளாட்டு இல்ல. ஒரு துணிமணி ரூம்ல இருக்கக் கூடாது. பாய், தலகாணி, சட்டி, பானை, சாமி படம், எல்லாத்தையும் மூட்டையாக் கட்டிப் பின்னாடி ஸ்டோர்ல போட்டுடுங்க. அன்னிக்கி முழுக்க யாரும் இங்க இருக்கப்படாது. லாரி சொல்லியிருக்கேன். காத்தோங் பிள்ளையார் கோயில்ல மத்தியானச் சாப்பாடு, அப்புறம் பீச்சு. எல்லாம் மாமா பாத்துக்கறேன்." தண்ணீரைப் பூட்டியவர் லாரி பிடித்து எங்களைக் கடலுக்கு அனுப்புகிறார். பக்கத்து அறைக்காரர் கண் கலங்கி, "மாமா மனசு தங்கம்" என்றார். என் அப்பா துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர். கேட்டால் கொடுக்க மாட்டார்களோ என்று பயந்து பயந்து ஒரு நாள் விடுப்பு வாங்கினார்.

நாங்கள் செய்த தவறு இது: சொன்னதற்கு மேலாகவே செய்தோம். விஷம் படக்கூடாதே என்று அம்மா அறையில் ஒரு குண்டூசி மிச்சம் வைக்கவில்லை. சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கினாள். அடுப்புக்கரி படிந்த மூலையைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். மற்ற ஆறு அறைகளிலும் இதே கதை. மருந்தடிக்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு பெருக்கினார்கள். எங்கள் வாழ்க்கை முழுவதையும் நாங்களே கூட்டி அள்ளி, கொல்லையில் கொண்டுபோய் மறைத்துவைத்துவிட்டு, லாரியில் ஏறினோம். ஏறும்போது மாமா ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அன்று காத்தோங்கில் நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம் மட்டும் கோயிலுக்கு வெளியே மர நிழலில் நின்றோம். சாப்பாடு எங்களுக்கும் வந்தது. பிறகு கடற்கரை. அப்பா கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடினார். அம்மா, நாகப்பட்டினத்துக் கரையில் பிறந்தவள், எட்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கடலில் கணுக்கால் நனைய நின்றாள். "உப்பு இங்க கொஞ்சம் கம்மி" என்று சொல்லிச் சிரித்தாள். என் பதினான்கு வயது வரைக்கும் அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்த்ததில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். அவர் எங்களிடமிருந்து திருடிய நாளையே எங்கள் மகிழ்ச்சியான நாளாகவும் ஆக்கிவைத்தார். அப்பா சிரித்த முகத்தை நினைக்கும்போதெல்லாம் அந்த லாரியும் கூடவே வந்து நிற்கும்.

மாலையில் திரும்பினோம். வீட்டில் மருந்து நெடி எதுவும் இல்லை. மறுநாள் காலை எழுந்தபோது எல்லோர் கையிலும் காலிலும் வழக்கம்போலத் தடிப்புகள். அம்மா கீழே போய்க் கேட்டாள்: "அண்ணே, மருந்து வாடையே வரலியே?" அவர் யோசிக்கவேயில்லை. "அமெரிக்கா மருந்து தங்கச்சி. வாடை வராது." அம்மா அதை நம்பி மேலே வந்து எல்லோருக்கும் சொன்னாள். நான்கு மாதம் கழித்து, அந்த வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது, கீழே கடை வைத்திருந்தவர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. நாங்கள் கடலில் நின்ற அந்த வியாழக்கிழமை வந்தவர்கள் மருந்தடிக்கிறவர்கள் இல்லை. யார் யாருக்கு மாற்று வீடு கொடுக்க வேண்டும் என்று குடியிருப்போரைக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகள். அனுமதிக்கு மேல் ஆட்களை அடைத்திருந்த குற்றத்தை மறைக்க வேண்டும், வேறெங்கோ இருந்த தன் அக்கா மகனுக்கு ஒரு வீடும் வாங்கித்தர வேண்டும். மாமா ஒரே கல்லை எறிந்தார். மாடியில் அந்த மருமகன் குடும்பம் மட்டும் இருப்பதாகவும், மற்ற அறைகளெல்லாம் சும்மா கிடப்பவை, ஆளில்லை என்றும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரிகள் மேலே ஏறிப் பார்த்தார்கள். ஓர் அறையில் அன்று காலை கொண்டுவந்து வைத்த மருமகன் வீட்டுச் சாமான்; மற்றவையெல்லாம் ஆணிகூட இல்லாத, பெருக்கித் துடைத்த, காலி அறைகள். நம்பாமல் என்ன செய்வார்கள்? அம்மா நேரே போய்க் கேட்டபோது, "பேரு விட்டுப்போச்சு போல. நான் பாத்து எழுதிக் குடுக்கறேன் லா" என்றார். மறுவாரம் அவர் காலிசெய்துகொண்டு போய்விட்டார். மருமகனுக்குப் புக்கிட் மேராவில் வீடு கிடைத்திருந்தது.

மற்ற ஆறு குடும்பமும் திசைக்கொன்றாகச் சிதறியது. நாங்கள் பூன் லேயில் அத்தை வீட்டுக் கூடத்தில், ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தோம். 'வேறு இடம் கிடைக்கும் வரைக்கும்' என்று போனோம். மூன்றாம் ஆண்டு அப்பா அந்தக் கூடத்தில்தான் இறந்தார். அத்தை வீட்டார் நல்லவர்கள். சாப்பாட்டு மேசையை நகர்த்தி அவரைக் கிடத்த இடம் செய்துகொடுத்தார்கள். வீடு கேட்டு எழுதிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும், முன்பு குடியிருந்த இடம் என்ற கட்டத்தில் அம்மா தேக்கா முகவரியை எழுதுவாள். அந்த மாடியில் அப்படி யாரும் இருந்ததில்லை என்று பழைய கோப்பு சொல்லும். தகவல் சரியில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். "அந்தக் கட்டத்த சும்மா விட்டுடும்மா" என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "இருந்த எடத்துல இல்லன்னு என்னையே எழுதச் சொல்றியா? அதத்தான் அந்த ஆளு எழுதிட்டானே" என்பாள். அந்தப் பிடிவாதத்துக்காக அவளோடும் நான் சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் ஒரு நல்ல எழுத்தர்தான் வழி சொன்னார்: வீட்டை வாடகைக்கு விட்டவர் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், கோப்பைத் திருத்தலாம்.

மாமா எங்கே இருக்கிறார் என்று மாதா கோயிலில் ஒரு பெண் சொன்னாள். பழைய வீடுகளைப் புதுப்பித்து வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். அதில் அவர் வரவேற்பாளர், வீட்டின் கதையைச் சொல்கிறவர், தங்குவதும் அங்கேயே என்றாள். வாசலில் போய் நின்று கேட்டால் வாசலிலேயே துரத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும். விருந்தினராகப் போனால் மாலை போட்டு உள்ளே கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நான் தட்டச்சு வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரில் இரண்டு நாளுக்கு அறை சொன்னேன். நடுவீட்டு மாடி அறைதான் வேண்டும் என்றேன்.

ஏழு அறைகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே அறை. நடுவில் நான்கு கால் கட்டில், வெள்ளைக் கொசுவலை, ஒரு பித்தளை விளக்கு. தரைப்பலகைகள் மட்டும் பழையவை, தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அறையின் நடுவே நேராக நடந்து ஜன்னலுக்குப் போகலாம், அவள் போகவில்லை. இடப்பக்கம் ஒதுங்கி, சுவரோரமாக நான்கு அடி நடந்து, ஓரிடத்தில் வலமாகத் திரும்பி, தோளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு தரையைப் பார்த்தேன். பலகையில் வரிசையாக ஆணித் துளைகள், மர நிற மாவு வைத்து அடைத்தவை, கோடு போட்டதுபோல ஓடின. இல்லாத சுவர்களைச் சுற்றி, இருந்த நடையில் நடந்து, இல்லாத கதவு வழியாக அவள் எங்கள் அறைக்குள் போயிருந்தாள். கட்டிலின் பாதி எங்கள் அறையில் இருந்தது, பாதி பக்கத்து அறைக்காரருடைய இடத்தில். "இங்கதான்" என்றாள்.

குளியலறையும் சமையலறையும் சாப்பாட்டு மேசையும் விருந்தினர் எல்லோருக்கும் பொது. பழங்காலக் கூட்டு வாழ்க்கையை அனுபவியுங்கள் என்று அழகான எழுத்தில் ஓர் அட்டை, ஒவ்வொரு அறையிலும். முன்பு அதை நெருக்கடி என்று சொல்லித்தான் எங்களைக் காலிசெய்தார்கள். அன்று நடுப்பகலில் முற்றத்துக்குப் போன அம்மா வெகு நேரம் வரவில்லை. தேடிப் போனேன். புதுக் குழாய் ஒன்றைத் திறந்துவிட்டு, கையைக்கூட நீட்டாமல், தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜெர்மானியப் பெண் துண்டோடு காத்திருந்தாள். "மூடுடி, அந்தப் புள்ள குளிக்கணும்" என்று அம்மா என்னைக் கடிந்துகொண்டாள், ஏதோ நான் திறந்துவைத்ததுபோல.

மறுநாள் காலை உணவு மேசையில் எட்டுப் பேர் இருந்தோம். தலைமாட்டில் மாமா. ரொட்டியும் அதில் தடவத் தேங்காய்ப்பால் காயாவும் கோப்பியும் பரிமாறப்பட்டதும் அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். வாசனைச் சரக்கு வியாபாரம் செய்த பெரிய குடும்பம் வாழ்ந்த வீடு இது. கீழே கடை, மேலே பெண்களுக்கான கூடம். ஆனால் அவர்கள் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே இருந்ததால் மாடி எப்போதும் காலி. "அப்ஸ்டேர்ஸ் நோபடி லா. ஒன்லி விண்ட்" என்று அரைவிரலை மேலே காட்டினார். எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். பயணிகளுக்காகக் கட்டிய கதை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அதிகாரிகளிடம் சொன்ன அதே பொய். பதின்மூன்று வருடமாக அதையே சொல்லிச் சொல்லி, அதற்கு ஜிப்பா போட்டு, சந்தனம் வைத்து, அதிலேயே குடியிருந்தார் மனிதர்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் மேலே காட்டிய விரலை மட்டும் பார்த்தாள். "என்ன சொல்றான்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் விடுதி மேலாளர், நாகூர் வழிவந்த குடும்பத்து இளைஞர், ஒரு படத்தொகுப்பைக் கொண்டுவந்து ஜெர்மானியரிடம் கொடுத்தார். வேலை ஆரம்பிக்கும் முன் வீடு எப்படிக் கிடந்தது என்று எடுத்த படங்கள். அது கைமாறிக் கைமாறி அம்மாவிடம் வந்தது. அவள் நிதானமாகப் புரட்டினாள். இடிந்த படிக்கட்டு. புல் முளைத்த முற்றம். பிறகு மாடி: தூசியில் சாம்பல் நிறமாக நின்ற பலகைச் சுவர்கள், வரிசையாகக் கதவுகள். மூன்றாவது கதவின் மேல் ஏதோ காய்ந்த ஓலை. அம்மா அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

"தம்பி, இது என்னன்னு தெரியுதா?"

மேலாளர் குனிந்து பார்த்தார். "ஏதோ ஓலை மாதிரி இருக்கு ஆன்ட்டி. பழைய தோரணமா?"

"குருத்தோலைச் சிலுவ. குருத்தோல ஞாயிறு கோயில்ல மந்திரிச்சுக் குடுப்பாங்க. வாசல்ல வைப்போம். மந்திரிச்ச ஓலையக் குப்பையில போட மாட்டோம், அடுத்த வருஷம் விபூதிப் புதனுக்கு முன்னாடி கோயில்ல குடுத்தா எரிச்சு அந்தச் சாம்பலத்தான் நெத்தியில பூசுவாங்க. வாசலுக்குக் காவல்னு மருந்தடிக்கிற அன்னிக்கும் அத எடுக்கல. வீட்ட விட்டுப் போறப்பவும் எடுக்க மனசு வரல. ஆளிருந்த வீடுன்னு இருக்கட்டும்னு விட்டேன்." பிறகு தலையைத் தூக்கி, மேசையின் தலைமாட்டைப் பார்த்தாள். "இந்த அண்ணன் சைவம். இவரு மருமவனும் சைவம். இவங்க வீட்டு வாசல்ல சிலுவ வச்சது யாருன்னு கேளுங்க தம்பி."

அப்போதுதான் அவருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. முகத்திலிருந்து வரவேற்பாளர் கழன்று விழுந்தார். சாய்வு நாற்காலிக்காரர் எஞ்சினார். "அது பக்கத்து வீட்டுப் படம். மூணு வீட்டு போட்டோவும் கலந்துபோச்சு" என்றார். மேலாளர் படத்தை வாங்கிப் பார்த்து, "இல்ல மாமா, நடுவீடுதான். நான்தான் எடுத்தேன்" என்றார். வெள்ளைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் நான்கு பேரும் நின்று பேசினோம். நான் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை நீட்டினேன். அவர் படித்தார். முதலில் என்னிடம் கெஞ்சினார்: "பாப்பா, இதுல கையெழுத்துப் போட்டா மருமவன் வீட்டுக்குச் சிக்கல் வரும். ஏற்கெனவே அவன் என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டேங்கறான். படிக்குக் கீழ ஒரு ரூம்ல கெடக்கேன். இதுவும் போயிடும்." அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை, இப்போதும் விரும்பவில்லை. "எங்க அப்பா அடுத்தவங்க கூடத்துல செத்தாரு மாமா. மேசைய நகத்திப் படுக்கவச்சோம்" என்றேன். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க போடலன்னா நான் இந்த போட்டோவோட லெட்டர் எழுதிக் குடுத்துடுவேன் மாமா. பொய்ய பிரோஷர்ல வேற அடிச்சு வச்சிருக்கேன். எனக்குத்தான் தலவலி" என்றார்.

அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்திட்டார், திருத்தமாக, அவசரமில்லாமல். தாளைத் திருப்பித் தரும்போது அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்துக்கும் நான்தான் காரணம்ங்கற. சரி. லாரில ஏறுன்னேன், ஏறினீங்க. மருந்தடிக்க லாரியும் பீச்சும் எதுக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அம்மா தாளை வாங்கி மடித்துத் துணிப்பைக்குள் வைத்தாள். அந்த மனிதரை நான் மன்னிக்காததற்கு ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அது ஆயிரத்தொன்று ஆனது. ஏனென்றால் அது சரியான கேள்வி. அதைக் கேட்கிற உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

அடுத்த ஆண்டு அம்மாவுக்கு வீடு கிடைத்தது. புக்கிட் மேராவில், பழைய அடுக்குமாடி ஒன்றில், ஏழாம் மாடி. ஓர் அறை, ஒரு கூடம், சொந்தமாக ஒரு குழாய். மேலாளர் கதையை மாற்றிவிட்டார் என்றும், மாமாவை அனுப்பிவிட்டார் என்றும் கேள்விப்பட்டோம். மாடி அறைக்கு இப்போது ஏழு குடும்பங்களின் அறை என்று பெயராம். அதற்குத்தான் கிராக்கி அதிகமாம். வயது ஏற ஏற மனம் இளகும் என்கிறார்கள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அம்மாவும் இல்லை. இதை எழுதும்போது என் கை இளகவில்லை.

அந்தப் புது வீட்டில் முதல் ஆண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல், யாரோ கிரில் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தேன். ஜிப்பா இல்லை, சாயம்போன சட்டை, கையில் ஒரு துணி மூட்டை. மருமகன் வீடு இரண்டு அடுக்குமாடித் தொகுதி தள்ளித்தான். அங்கே போய்விட்டு வந்திருக்கிறார் என்று முகமே சொன்னது. "பாப்பா, அம்மா இருக்காங்களா? ரெண்டு நாள்... கூடத்துல ஒரு ஓரமாக் கெடந்துக்குவேன்" என்றார். நான் பூட்டைத் திறக்கவில்லை. "இங்க எடமில்ல மாமா" என்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன். என்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருக்க முடியும். பிறகு அவர் மூட்டையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடைகூடத்தில் நடந்தார்.

"யாருடி?" என்று கேட்டுக்கொண்டே அம்மா சமையலறையிலிருந்து வந்தாள், கையெல்லாம் மீன் செதில். அவள் கிரில் கதவைத் திறந்து, தலையை நீட்டிப் பார்த்தாள். நடைகூடத்தின் கோடியில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சுவருக்கு முன்னால் நின்று, லிஃப்ட் வாசலைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தொகுதியில் லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஏழாம் மாடியில் அதற்கு வாசலே கிடையாது; மேலே அவர் படியேறியே வந்திருக்க வேண்டும். அம்மா அவரை அடையாளம் கண்டாள் என்பது அவள் கழுத்து விறைத்ததில் தெரிந்தது. கூப்பிட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. அப்படி மட்டும் நடந்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

"அண்ணே" என்றாள் அம்மா. அவர் சட்டென்று திரும்பினார்.

"இந்த மாடியில லிஃப்ட் நிக்காது. ரெண்டு மாடி எறங்கிப் போங்க."

சொல்லிவிட்டு, செதில் ஒட்டிய கையாலேயே கிரில் கதவை இழுத்துப் பூட்டினாள்.